வில்வத்தைத் தொடாத கை

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: சங்கத் தலைவர், அவர் மனைவி, அவர்களுடைய ஏழு மாதப் பேரன், மதுரைக் கடைத்தெருவில் தங்கம் உருக்கும் கடை வைத்திருக்கும் முப்பது முப்பத்தைந்து மராட்டியக் குடும்பங்கள், காவித் தலைப்பாகை கட்டிய இளைஞர்கள், மேடையில் குதிரைமேல் உட்கார்ந்த மராட்டிய மன்னரின் ஆளுயரப் படம், அப்புறம் நான். வராதவர் ஒருவர்தான். என் அப்பா. அவர் அந்த நேரத்தில் கப்பலூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே போகும் லாரிகளின் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண் மட்டும் எழுத வரும். எழுத்து வராது. எங்கள் குடும்பத்துக்கு எழுத்து வந்தது என்னிலிருந்துதான்.

தலைவரைக் கடைத்தெருவில் சேட்டு என்பார்கள். உண்மையில் அவர் சேட்டு இல்லை. ஆனால் வீட்டில் வேறு மொழி பேசிக்கொண்டு தங்கத்தைத் தொடுகிற யாரும் எங்கள் ஊரில் சேட்டுதான். பழைய நகையை உருக்கி, அமிலத்தில் போட்டு அழுக்கு நீக்கி, சுத்தத் தங்கக் கட்டியாக எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். அவருடைய அடுப்படியில் என் அப்பா பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார்.

அந்தக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து கிளம்புகிற ஆள் வாசலில் இருக்கும் தொட்டியில் கைகால் கழுவிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அடியில் தங்கிய சேற்றை அள்ளி உருக்குவார்கள். அதில் தங்கம் இருக்கும். தரை கூட்டிய குப்பை, கரி துடைத்த துணி, கால்மிதி எல்லாவற்றையும் எரித்துச் சலிப்பார்கள். நகக்கண்ணில் ஒட்டிய தூசியைக்கூட வெளியே விடாத அந்த இடத்தில் ஒருநாள் நாற்பத்தோரு கிராம் தங்கக் கட்டி ஒன்று காணாமல் போனது.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விட்டு வில்லாபுரத்துக்கு வந்தால் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். வீட்டிலிருந்த அரிசி டிரம்மைத் தெருவில் கவிழ்த்திருந்தார்கள். அரிசிக்கு நடுவே அப்பா அரை டிராயரோடு நின்றார். அவர் வேட்டியைக் கடையிலேயே உருவி அடுப்பில் போட்டு எரித்து, சாம்பலைச் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வேட்டியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

"கெடைக்கலைன்னா எடுக்கலைன்னு அர்த்தமா?" என்றார் முதலாளி, தெருவே கேட்கும்படி. "இவன்தான். அடுப்புக்குப் பக்கத்துல வேற எவன் நின்னான்? போலீசுக்குப் போவல. அது நான் காட்டுற இரக்கம். ஆனா கடைத்தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனி ஒரு பய இவனைப் படியேத்த மாட்டான்."

ஒருவரும் ஏற்றவில்லை. பதினாலு மாதம் அப்பாவுக்கு வேலை கிடையாது. பிறகுதான் கப்பலூர் வாசல் கிடைத்தது.

அன்று நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நன்றாகப் படித்து ஆளாகி அவர் முன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இவரை இதைவிடப் பெரிய கூட்டத்துக்கு நடுவில் இப்படி நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதுகலை வரலாறு முடிக்கும்வரை அந்த நினைப்பு ஒருநாள்கூடத் தூங்கவில்லை.

வரலாறு படித்தவனுக்கு மதுரையில் வேலை தேடி வராது. ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். என் கல்லூரிப் பேராசிரியர் ஒருநாள் கூப்பிட்டு, ஒரு சங்கத்தார் மராட்டிய மன்னரின் வாழ்க்கையைத் தமிழில் எழுத ஆள் தேடுகிறார்கள், மன்னர் பிறந்தநாள் விழாவில் வெளியிடப் போகிறார்கள், போய்ப் பார் என்றார். அவருக்கு எங்கள் கதை தெரியாது. முகவரியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போனேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அவன் மகன்தான?"

"ஆமாங்க."

"எம்புட்டுப் படிச்சிருக்க?"

சொன்னேன்.

"பரவாயில்லையே. கேட்டுக்க. உங்கப்பன் செஞ்சதுக்கு உன்னைய நான் ஒதுக்க மாட்டேன். எங்க ராஜா அப்படித்தான். எதிரியோட வீட்டுப் பொம்பளைகளைக்கூட மரியாதையா பல்லக்குல ஏத்தி அனுப்பி வச்சவரு. அவர் பேரைச் சொல்லிட்டு நான் வேற மாதிரி நடக்க முடியுமா?"

கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ரொம்ப நன்றிங்க" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை எழுதத் தெரியவில்லை.

அடுத்த ஏழு மாதம் நான் அந்த மன்னரோடுதான் வாழ்ந்தேன். அச்சக வேலை முடிந்ததும் நூலகம், ஞாயிறு முழுக்க நூலகம். முதலாளிக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் மன்னரை எனக்குப் பிடித்துவிட்டது. தகப்பன் தெற்கே வேறொருவரிடம் சேவகம் செய்ய, தாயிடம் வளர்ந்த பிள்ளை. பதினாறு, பதினேழு வயதில் கோட்டை பிடிக்கக் கிளம்பியவர். ஒரு பெண்ணைக் கெடுத்த ஊர்த்தலைவனின் கைகால்களை, அவன் பெரிய குடும்பத்துக்காரன் என்று பார்க்காமல், வெட்டச் சொன்னவர். அந்தப் பக்கத்தை எழுதும்போது பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினேன்.

ஆனால் நான் மறுபடி மறுபடி படித்தது ஆக்ராவைத்தான். முகலாயப் பேரரசர் பிறந்தநாள் தர்பாருக்கு அழைக்கிறார். போனால், தன்னிடம் போர்க்களத்தில் முதுகு காட்டியவர்களுக்கும் பின்னால் நிற்க வைக்கிறார்கள். சபையிலேயே சத்தம் போட்டுவிட்டு வெளியேறுகிறார் மன்னர். வீட்டுக்காவல். பிறகுதான் அவர் புத்தி வேலை செய்கிறது. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்கிறார். நோய் தீர வேண்டி ஏழைகளுக்கும் பெரியவர்களுக்கும் தினமும் கூடை கூடையாக இனிப்பு அனுப்புகிறார். காவலர்கள் முதலில் கூடையைத் திறந்து பார்க்கிறார்கள். பிறகு சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் அந்தக் கூடைகளின் மறைவில் மன்னரும் மகனும் தப்பிப் போய்விடுகிறார்கள். ஊர் திரும்பியதும் பாய்ந்தாரா என்றால் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தார். எதிரி மறந்த பிறகு, முன்பு உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்த கோட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. நான் நான்கு பக்கம் எழுதினேன்.

முதலாளி வாரம் ஒருநாள் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். மன்னர் தெற்கே வந்த பகுதியைப் படித்தேன். செஞ்சியைப் பிடித்தது, கொள்ளிடக் கரையில் பாளையம் இறங்கியது, தஞ்சாவூரை ஆண்ட தம்பியை வரவழைத்துத் தகப்பன் சொத்தில் பங்கு கேட்டது, தம்பி ராவோடு ராவாகக் கட்டுமரத்தில் ஆற்றைக் கடந்து ஓடியது.

"நல்லாருக்கு. இந்த இடத்துல, எங்க முப்பாட்டன் அந்தக் குதிரைப் படையில வந்தாருன்னு எழுதிரு."

"அந்தப் படை கொள்ளிடத்தோட நின்னுருச்சுங்க. மதுரைக்கு வரலை. நீங்களே உங்க தாத்தா ரயில்ல வந்தாருன்னு…"

"ஒரு குதிரைகூடவா வழி தப்பி வந்திருக்காது?"

'வழி தப்பி வந்த வீரர்கள் சிலர்' என்று எழுதினேன். அவர் மகிழ்ந்துபோய் டீ சொன்னார். கூடை திறக்கப்படுவது நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்போது என் கூடையில் ஒன்றும் இல்லை. அப்பா எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவது?

அதை அப்பாவோடு அதே அடுப்பில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அப்போது வேறு கடைக்கு மாறியிருந்தார். அவனியாபுரம் டீக்கடையில் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"நீ அவருக்குப் புஸ்தகம் எழுதுறியாமே மாப்ள."

"ஆமா மாமா."

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார். "அந்தக் கட்டி மூணாம் நாளே கெடச்சிருச்சு மாப்ள."

"எங்க?"

"அவர் வீட்டு வாஷிங் மிஷின்ல. தரம் பாக்க எடுத்தவரு சட்டைப் பையில போட்டுட்டு மறந்துட்டாரு. சட்டை துவைக்கப் போயிருச்சு. அந்தம்மா எடுத்துக் குடுத்துருக்கு. என்னையத்தான் எடை போடச் சொன்னாரு. நாப்பத்தோரு கிராம். ஒரு பொட்டு கொறையலை. வெளிய சொன்னா உனக்கும் இதே கதிதான்னாரு."

"ஒம்பது வருஷமா மாமா?"

"எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள இருந்துச்சு."

அவர் எனக்கு வாங்கிய டீயை நான் குடிக்கவில்லை. அதையும் ஒரு கணக்காக மனதில் வைத்துக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இவரைச் சாட்சிக்கு இழுத்தால் இல்லை என்பார். முதலாளியிடம் நேரே கேட்டால் சிரிப்பார். எனக்கு வழி காட்டியது முதலாளியேதான்.

விழாவில் ஒரு சிறு நாடகம் போட வேண்டும் என்றார். இளம் மன்னரும் தோழர்களும் மலைமேல் சிவன் கோயிலில் சுயராஜ்ஜியம் அமைப்போம் என்று சபதம் எடுக்கும் காட்சி. அவர்கள் சமூகத்தில் சபதம் என்றால் தட்டில் வில்வ இலையும் மஞ்சள்தூளும் வைத்து, அதைக் கையில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொத்துத் தகராறு, கல்யாணப் பேச்சு, எதிலும் கடைசி வார்த்தை அதுதான். நான் பச்சைத் துணியை வெட்டி இலை செய்துவிடலாம், கலர்ப் பொடி போதும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெளையாட்டாடா இது? வில்வம் அழகர்கோவில் மலைப்பக்கத்துல இருந்து வரணும். மஞ்சள் எங்க வீட்டுக் குலசாமி முன்னால வச்ச மஞ்சள். அன்னைக்கு அந்தத் தட்டு உண்மையான தட்டு. புஸ்தகத்துலயும் எழுது: வில்வமும் மஞ்சளும் எடுத்துப் பொய் சொன்னவன் வம்சம் தழைக்காது."

"அப்படியே எழுதவாங்க?"

"அப்படியே எழுது. நான் சொன்னேன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அவர் சொன்னதாகவே, அவர் பெயரோடு.

நாடகத்துக்குப் பிறகு தொட்டில் சடங்கு. மன்னர் பிறந்ததைக் கொண்டாட ஒரு தொட்டிலை அலங்கரித்து, சமூகத்தில் அந்த வருஷம் பிறந்த ஆண்பிள்ளை ஒன்றை அதில் கிடத்தி, பெண்கள் தாலாட்டுவார்கள். இந்த வருஷம் யார் பிள்ளை என்று கேட்டேன். "எம் பேரன்தான்" என்றார். நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். எனக்குச் சால்வை போர்த்துவதைத் தொட்டில் சடங்கு நடக்கும் நேரத்துக்கு நகர்த்தி வைத்தேன். நல்லவன் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு முன்னால் தகப்பனை அரை டிராயரில் நிறுத்தியவர் அப்படி ஒரு கேள்வி கேட்டுக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

விழா காலை பத்தரைக்கு. நாடகம் நன்றாகவே நடந்தது. மன்னராக நடித்த பையனுக்குத் தாடி ஒட்டிய பசை அரித்து, சபதத்தின் நடுவில் சொறிந்துகொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். தட்டைப் படத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். முதலாளியின் மனைவி கயிற்றைப் பிடித்து ஆட்டினார். பெண்கள் பாடினார்கள். முதலாளி மைக்கை வாங்கி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் பையன்தான் புஸ்தகத்தை எழுதுனது. இவங்கப்பன் நம்ம கடையில வேல பாத்தவன். உங்களுக்கெல்லாம் தெரியும், ஒரு தப்பு நடந்துபோச்சு. அதையெல்லாம் நான் மறந்துட்டேன். ராஜா காட்டுன வழி." கை தட்டினார்கள்.

சால்வையை விரித்தார். நான் குனியவில்லை. திரும்பிப் போய்ப் படத்தின் முன்னால் இருந்த தட்டை எடுத்துவந்து அவர் முன் நீட்டினேன். மைக் அவர் கையிலேயே இருந்தது. அதனால் நான் மெதுவாகப் பேசியதும் எல்லோருக்கும் கேட்டது.

"முதலாளி, எங்கப்பாதான் அந்தக் கட்டியை எடுத்தாருன்னு இதைக் கையில எடுத்துச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா உங்க கால்ல விழுந்து சால்வையை வாங்கிக்கிறேன்."

அவர் சிரித்தார். "நல்ல நாள்ல என்னப்பா இது."

"இன்னைக்கு இந்தத் தட்டு உண்மையான தட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. எடுத்துப் பொய் சொன்னா என்னாகும்னு புஸ்தகத்துல இருக்கு."

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், அவர்களில் மூத்த கடைக்காரர், உட்கார்ந்தபடியே சொன்னார்: "எடுத்துச் சொல்லிரு. உண்மைதான, ஒனக்கென்ன?"

முதலாளி கையை நீட்டினார். அந்தக் கை வில்வத்துக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. மோதிரம் போட்ட விரல்கள், அமிலம் பட்டு மஞ்சளேறிய நகங்கள். நான் தட்டை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. எனக்கு அவசரமே இல்லை. பாட்டு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கட்டும் என்றிருந்தது எனக்கு. அந்த ஒரு சாண் இடைவெளியை நான் ஒன்பது வருஷமாகக் காத்திருந்து வாங்கியிருந்தேன்.

கை மெல்ல இறங்கப் பார்த்தது. எடுத்தாலும் எடுத்திருப்பார். அதற்குள் அவர் மனைவி தொட்டில் கயிற்றை விட்டுவிட்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு எங்கள் எல்லோருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழில் சொன்னார்.

"தொடாதீங்க. தொட்டில்ல புள்ள கெடக்கு." என் பக்கம் திரும்பினார். "கட்டி வீட்லதான் கெடச்சுது தம்பி. நான்தான் எடுத்துக் குடுத்தேன். உங்கப்பா எடுக்கல."

அந்த அம்மா போய்த் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி முந்தானையால் மூடிக்கொண்டார். அன்று நடந்ததில் அதை மட்டும்தான் நான் திரும்ப நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. மற்றதெல்லாம் தினமும் நினைத்துப் பார்க்கிறேன்.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே பெரியவர்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்தார்கள். அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர்கூட அவருக்காகப் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அன்று அவர் எந்தெந்தக் கடையில் போய்ச் சொன்னாரோ அந்தந்தக் கடைக்கு அப்பாவோடு நடந்துபோய், கட்டி தன்னிடமே இருந்தது என்று சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றார்கள். மன்னர் மதுரைக்கு வந்ததில்லைதான். ஆனால் அவர் பெயரால் வைத்த ஒரு தட்டுக்கு இத்தனை பேர் கட்டுப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

சாப்பிடாமல் பேருந்து பிடித்துக் கப்பலூர் போனேன். அப்பா வாசலில் இருந்தார். சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதைத்தான்:

"கெடச்சிருச்சா? எங்க கெடந்துச்சு?"

"வாஷிங் மிஷின்ல."

"வாஷிங் மிஷின்லயா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். "தொட்டித் தண்ணியச் சலிச்சான், என் வேட்டிய எரிச்சுச் சலிச்சான், அவஞ்சட்டைய ஒதறிப் பாக்கலையேடா."

"நடக்கச் சொல்லிருக்கேன்ப்பா. கடை கடையா. வருவீங்களா?"

"வாரேன்." ஒரு லாரி வந்தது. எழுந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிரிப்பு போயிருந்தது. "நடந்தா மட்டும் போதுமா? பத்தொம்பது வருசம் பாத்த வேலைக்கு என்ன வரணுமோ அது. பதினாலு மாசம் சும்மா உக்காந்திருந்தேன்ல, அதுக்குச் சம்பளம். நீ படிச்சவன், போட்டுச் சொல்லு."

விட்டுவிடு என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். என் ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து நடந்தார்கள். அப்பா தேய்த்த சட்டை போட்டு, கரை வேட்டி கட்டியிருந்தார். பதினோரு கடை. நான் பின்னால் போனேன். ஒவ்வொரு கடையிலும் முதலாளி, "அன்னைக்கு நான் சொன்னது பொய். கட்டி எங்கிட்டதான் இருந்துச்சு. இவர் எடுக்கலை" என்றார். மூன்றாவது கடையில் குரலைத் தாழ்த்தினார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சத்தமா, சேட்டு. அன்னைக்குச் சத்தமாத்தான் சொன்னீங்க."

சத்தமாகச் சொன்னார். அடுத்த எட்டுக் கடையிலும் தெரு நின்று பார்த்தது. எட்டாவது கடையில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஸ்டூல் கொண்டுவரப் போனார்கள். இன்னும் மூணு இருக்கு என்று நான்தான் சொன்னேன்.

அப்பா கேட்ட பணத்தையும் பெரியவர்கள் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்; முதலாளி அதை அவர்கள் முன்னால் வைத்தார். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்து நான் போட்ட கணக்கு அது. அப்பாவின் கடைசி மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம். அதை வைத்துப் பத்தொன்பது வருஷத்துக்குப் பணிக்கொடை, அதோடு பதினாலு மாதச் சம்பளம். முதலாளி சரியாக மூன்று லட்சம் கொண்டுவந்திருந்தார்.

"ரவுண்டா இருக்கட்டும்" என்றார்.

"அவர் காசு நமக்கு வேணாம்" என்றார் அப்பா என்னிடம். "மிச்சத்தக் குடுத்துரு."

என் பையிலிருந்து நானூற்று அறுபத்திரண்டு ரூபாயை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஆக, அவருக்கு ஆன செலவு இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டு ரூபாய்.